படத்தில் இருந்த தட்டு

ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு விளக்கப்படங்கள் வரைவது என் வேலை. சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு தட்டை வரைந்தேன்: பாதி காய்கறி, கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. பார்த்தாலே புரியும் என்று எனக்கு ஒரே பெருமை. தெலுக் இந்தான் பக்கம் பழைய எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவின் சமையலறையிலும் ஒன்றை ஒட்டினேன்.

மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அங்கேயே எனக்குச் சந்தேகம். கங்காணி பேச்சையே கேட்காத மனுஷன் அவர்.

"படத்துல உள்ளபடிதான் சாப்பிடுறேன் லா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் போய் நின்றேன். அலமாரியைத் திறந்தேன், குப்பையைக்கூடக் கிளறினேன். ஒரு மிட்டாய்த் தாள் இல்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என் கல்யாணத்துச் சீர்வரிசைத் தாம்பாளத்தில். பாதி கீரை, கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. கோடு போட்டதுபோல் அளவு.

"என்னப்பா இது?"

"தட்டு எவ்வளவு பெருசுன்னு நீ போடலயே" என்றார், முள்ளை ஒதுக்கியபடி.

புதிய படத்தில், அளவு தெரியட்டும் என்று தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அப்போதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார், சுவரில் தொங்கிய பெரிய குழம்புக் கரண்டியைப் பார்த்தபடி.