61ஆம் பக்கத்து நாற்காலி

புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பதினொரு புகைப்பட நூல்களின் ஆசிரியரும், ‘நகரத்தின் மௌனத்தைக் கேட்கத் தெரிந்தவர்’ என்று ஒரு விருதுக் குழுவால் வர்ணிக்கப்பட்டவருமான மினேகிஷி தெத்சுரோ ஆகிய நான், உலகத்துக்கு அறிவிப்பது என்னவென்றால்: ஏழு மாதங்களாக நான் நாற்காலியில் உட்காருவதில்லை.

தரையில் உட்காருகிறேன். ஜப்பானில் இது பெரிய வசதி. யாரும் காரணம் கேட்பதில்லை. பழைய பண்பாட்டின் மேல் பற்று போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள்.

காரணம் வேறு. இது நிஜமாக நடந்தது. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பேய் என்றால் நள்ளிரவில் வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம். இது பட்டப்பகலில் வந்தது. பிற்பகல் 2:43க்கு. ஒரு நாளும் ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை. எங்கள் ஊரில் செத்தவர்களும் நேரம் தவறுவதில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எதற்கும் ஒரு புகைப்படப் புத்தகம் உண்டு. ஏசியின் வெளிப்பெட்டிகளுக்கு ஒன்று. நசுங்கிய சாலைக் கூம்புகளுக்கு ஒன்று. ரயிலில் தூங்குகிறவர்களின் கழுத்துகளுக்கு ஒன்று. பூனை வராமலிருக்கச் சுவரோரம் வைக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பற்றி நான் நூற்றெண்பது பக்கம் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் விற்றன. பத்தொன்பதை என் அக்கா வாங்கினாள். பூனைகள் பாட்டிலையும் மதிக்கவில்லை, புத்தகத்தையும் மதிக்கவில்லை.

பிறகுதான் பேருந்து நிறுத்த நாற்காலிகள் கிடைத்தன.

உட்கார இடமில்லாத நிறுத்தங்களில், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது தன் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். சமையலறை நாற்காலி, அலுவலகத்துச் சுழல் நாற்காலி, பியானோ முக்காலி... எது மிஞ்சியதோ அது. யாரும் திருடுவதில்லை. யாரும் நகர்த்துவதும் இல்லை. தொண்ணூற்று நான்கு நிறுத்தங்களில் தொண்ணூற்று நான்கு நாற்காலிகளை எடுத்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், தேதி, மணி, நிமிடம். முன்னுரையின் முதல் வரி இப்படி:

‘இந்நூலில் உள்ள எதையும் நான் தொடவில்லை.’

இந்த ஒரு வரிக்குத்தான் விருது. ‘தொடாமையின் தவம்’ என்று ஒரு விமர்சகர் மூன்று பக்கம் எழுதினார். நானும் அதை இருமுறை படித்து, என்னைப் பற்றி நானே நெகிழ்ந்துபோனேன்.

தொண்ணூற்று மூன்று நாற்காலிகளைத் தொடவில்லை. அது உண்மை.

61ஆம் பக்கத்தில் இருப்பது தோக்கியோவின் மேற்கு ஓரத்தில் ‘நீர்த்தொட்டியடி’ என்ற நிறுத்தம். ஆகஸ்ட் 19. கடும் வெயில். பச்சை ரெக்சின் போட்ட சமையலறை நாற்காலி. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. அருமையான நாற்காலி. ஆனால் ஒரு சலவைக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, நிறுத்தக் கம்பத்தை ஒட்டி, இருட்டில் கிடந்தது. இரண்டே எட்டு வலப்புறம், வெயில் விழுந்த வெள்ளைச் சுவர். அதில் ஊதா நிறத்தில் ஒரு பூங்கொடி.

தெருவில் யாரும் இல்லை. நாற்காலியைத் தூக்கி வெயிலில் வைத்தேன். 2:31க்குப் படம் எடுத்தேன். திரும்ப வைத்துவிடலாம் என்று குனிந்தபோது, எதிர்ப்புறம் ஊருக்குள் போகும் 2:34 பேருந்து வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து.

ஓடிப்போய் ஏறினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

பிப்ரவரியில் அச்சுப் படிகள் வந்தன. என் பதிப்பாசிரியர் அரதானி. முப்பது வயதுப் பெண். என்னை எப்போதும் ‘சென்செய்’ என்பாள். ஆசிரியர்களையும் டாக்டர்களையும் அழைக்கும் சொல் அது. அவள் வாயில் அதில் மரியாதை தவிர மற்றதெல்லாம் இருக்கும்.

“சென்செய், 61ஆம் பக்கத்துல யாராவது உட்கார்ந்து எழுந்தாங்களா?”

“ஏன்?”

“ஸீட்டு அமுங்கியிருக்கே. போன படியில இப்படி இல்ல.”

“பழைய ரெக்சின். வெயில்ல தொய்ஞ்சிருக்கும்.”

“பேப்பர்லயுமா தொய்யும்?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏப்ரலில் புத்தகம் வெளிவந்தது. அன்றுதான் முதல்முறை கேட்டேன். வீட்டில், பிற்பகலில், நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டக்... டக்...

தடியால் எதையோ இரண்டு முறை தட்டும் சத்தம். பிறகு அமைதி. பிறகு...

தொப்.

கனமான ஒன்று தரையில் விழுந்தது. மணி 2:43. மேல்வீட்டுக்காரனை மனதாரத் திட்டினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. எனக்கு மேல்வீடே கிடையாது. நான் குடியிருப்பதே கடைசி மாடி.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அதே 2:43. தண்ணீர்க் குழாய், கட்டடம் இறங்குகிறது, வயதாகிறது என்று மூன்று விளக்கங்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி நம்பினேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு புத்தகக் கடையின் மாடியில் வாசகர் சந்திப்பு. முப்பது பேர் வந்திருந்தார்கள். எனக்கு எதிர்சுவரில் கடிகாரம். நின்றுகொண்டே பேசினேன். ‘கலைஞன் என்பவன் உலகின் விருந்தாளி, விருந்தாளி எதையும் நகர்த்துவதில்லை’ என்றேன். சிலர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மணி 2:42.

பின்புறப் படிக்கட்டில்... டக்.

யாரும் திரும்பவில்லை.

டக்... டக்... நடைவழியில் வந்தது. வரிசைகளுக்கு நடுவே. மெதுவாக. ஆளில்லை. சத்தம் மட்டும்.

என் முன்னால் வந்து நின்றது.

என் பேச்சு நின்றது. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. நாற்காலி பின்னால்தான் இருந்தது. அதன் விளிம்பு கெண்டைக்காலில் உரசுவதை உணர்ந்தேன். சத்தியமாக உணர்ந்தேன்.

உட்கார்ந்தேன்.

நாற்காலி இல்லை.

தொப்.

அந்தச் சத்தம்... இரண்டு மாதமாக வீட்டில் கேட்ட அதே சத்தம். இப்போது என் இடுப்பிலிருந்து வந்தது.

முப்பது பேரும் எழுந்து ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டார்கள். விழுந்தவன் நான், மன்னிப்புக் கேட்டவர்கள் அவர்கள். எங்கள் வழக்கம் அப்படி. நாற்காலி இரண்டு எட்டு தள்ளி, வலப்புறம் இருந்தது.

அரதானி செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். போட்டுக் காட்டினாள்.

“நாற்காலி ஆரம்பத்துல இருந்தே அங்கதான் சென்செய் இருக்கு. யாரும் நகர்த்தல. நீங்கதான் சும்மா காத்துல உட்கார்றீங்க.”

பிறகு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

“தடி ஊன்றிக்கிட்டு வந்தது யாரு? சத்தம் பதிவாயிருக்கு. ஆளைக் காணோம்.”

இரண்டு எட்டு. வலப்புறம்.

அந்தப் புதன்கிழமை நீர்த்தொட்டியடிக்குப் போனேன். 2:25க்கு இறங்கினேன். பச்சை நாற்காலி அதன் இடத்தில், தகரக் கூரை நிழலில் இருந்தது. சைக்கிள் பூட்டுச் சங்கிலியால் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அறுபது வயதிருக்கும். சட்டையின் பெயர்ப்பட்டையில் சுகேனோ என்றிருந்தது. எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு ‘சான்’ சேர்த்தால் சுகேனோ-சான்.

“நீங்களும் போட்டோ எடுக்கத்தான் வந்தீங்களா? எடுங்க, எடுங்க. அந்தப் புத்தகம் வந்ததுல இருந்து நெறைய பேர் வர்றாங்க. ஆனா நாற்காலி நகராது. பூட்டிட்டேன்.”

புத்தகத்தில் என் முகம் கிடையாது. அடக்கம் காரணமாகப் போடவில்லை. அந்த அடக்கத்துக்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.

“எதுக்குப் பூட்டு?”

“போன வருஷம் ஒருத்தர் விழுந்துட்டார். கபுராகி-சான். எண்பத்தாறு வயசு. ரெண்டு கண்ணும் தெரியாது. அவர் சம்சாரம் முதியோர் இல்லத்துல இருக்காங்க. தினமும் 2:43 பஸ்ல பார்க்கப் போவார். வந்து இந்தக் கம்பத்தைத் தடியால ரெண்டு தட்டு தட்டுவார். திரும்புவார். உட்காருவார்.”

“கையால தடவிப் பார்க்க மாட்டாரா?”

“நானும் கேட்டேன். ‘நீங்க வெச்ச நாற்காலிய இருக்கான்னு தடவிப் பார்த்தா உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும், சுகேனோ-சான்’னார். ஒன்பது வருஷம் அப்படியேதான் உட்கார்ந்தார்.”

அவள் நாற்காலியைத் துணியால் துடைத்தாள்.

“இடுப்பெலும்பு போச்சு. மூணு வாரம்தான் இருந்தார். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? ‘மன்னிச்சிடுங்க. இடத்தைத் தவறவிட்டது என் தப்பு.’ அவர் சம்சாரத்துக்கு இன்னும் சொல்லல. பஸ்ஸு லேட்டுன்னு நெனச்சுட்டிருக்காங்க.”

உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தாள். என் புத்தகம். 61ஆம் பக்கத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

“இங்க பாருங்க. ஆகஸ்ட் 19, 2:31. அவர் விழறதுக்குப் பன்னெண்டு நிமிஷம் முன்னாடி. நாற்காலி தள்ளிக் கிடக்கு.”

“யாராவது... நகர்த்தியிருப்பாங்க.”

“நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். ஆனா முதல் வரியிலயே போட்டிருக்காரே, எதையும் தொடலன்னு. பெரிய கலைஞர், விருதெல்லாம் வாங்கினவர், பொய்யா எழுதுவார்? அப்ப, காலைல பெருக்கும்போது நான்தான் தள்ளி வெச்சுட்டு மறந்திருக்கேன். வேற யாரு?” அவள் பக்கத்தை விரலால் நீவினாள். “இதை எடுத்துட்டுப் போய் அவர் பொண்ணு முன்னாடி தரையில நெத்திய வெச்சு மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்திட்டா. சாத்தாம என்ன செய்வா?”

சொல்லிவிட வேண்டும். இரண்டே சொல். ‘நான்தான் நகர்த்தினேன்.’

வாயைத் திறந்தேன்.

“மழை வரும் போலிருக்கு” என்றேன்.

டக்... டக்...

கம்பம் அதிர்ந்தது. சங்கிலி லேசாகக் குலுங்கியது.

அவள் திரும்பவில்லை.

புஸ்ஸ்ஸ்...

பச்சை ரெக்சின் மெதுவாக அமுங்கியது. டேப் ஒட்டிய கிழிசலிலிருந்து காற்று வந்தது.

பேருந்து வந்தது. 2:43. நாங்கள் யாரும் கை காட்டவில்லை. நின்றது. கதவு திறந்தது. காத்திருந்தது...

ரெக்சின் உப்பியது.

கதவு மூடியது.

“யாருக்காக நிறுத்தினான்?” என்றாள் சுகேனோ-சான்.

குனிந்து வணங்கினேன். அவள் அதை விடைபெறுதல் என்று நினைத்து, பதிலுக்கு என்னைவிட ஆழமாகக் குனிந்தாள்.

செப்டம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. 61ஆம் பக்கத்தைத் திறந்தேன். வெயில் விழுந்த வெள்ளைச் சுவர் இருந்தது. ஊதாப் பூங்கொடி இருந்தது. நாற்காலி அங்கே இல்லை. படத்தின் இடது ஓரத்தில், தகரக் கூரையின் இருட்டில், கம்பத்தை ஒட்டி இருந்தது. நான் தூக்கிய இடத்தில். கீழே அதே தேதி, அதே 2:31.

அரதானிக்குப் போன் செய்தேன்.

“எந்தப் படத்தையும் மாத்தல சென்செய். அதே ஃபைல்தான். அச்சகத்துலயும் கேட்டுட்டேன்.”

முன்னுரையின் முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டியது நான் போலிருக்கிறது.

அன்று மாலையே சுகேனோ-சானுக்குக் கடிதம் எழுதினேன். நாற்காலியை நகர்த்தியது நான், முன்னுரை பொய், அவள் மேல் தவறே இல்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு கபுராகி-சானின் மகளிடம் நானே போகிறேன் என்று எல்லாம் எழுதினேன். உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டினேன்.

நான்கு மாதமாக அது என் நாற்காலியின் மேல் கிடக்கிறது. தபால் பெட்டி கட்டட வாசலிலிருந்து இரண்டே எட்டு.