அருளப்பனின் புறங்கை

மதியம் இரண்டு மணிக்கு லோடர் நின்றதும், அருளப்பன் அதன் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்பு ஹப்பில் புறங்கையை வைக்கிறார். மூன்று வரை எண்ணுகிறார். அடுத்த சக்கரத்துக்குப் போகிறார். நான்கையும் தொட்டு முடித்த பிறகு, வண்டியிலிருந்து இறங்கி நிற்கும் ஆனந்த்ராஜின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தே சொல்கிறார்.

"சுடுது."

"வெயில்ல நிக்கிற இரும்பு சுடாம குளுருமாண்ணே?"

"வெயில் சூடு மேலோட இருக்கும்டா. இது உள்ள இருந்து வருது."

ஆனந்த்ராஜ் சாவியைக் கொடுத்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இது தினமும் நடக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருக்கிறது கல் உடைக்கும் எங்கள் கிரஷர். ஜல்லியையும் எம்-சாண்டையும் அள்ளி டிப்பர் லாரிகளில் கொட்ட இங்கே இருப்பது ஒரே ஒரு லோடர். காலை ஆறு முதல் இரண்டு வரை ஆனந்த்ராஜ் ஓட்டுவான். இரண்டு முதல் இரவு பத்து வரை அருளப்பன். நான் எடை மேடையில் சீட்டு போடுகிறேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் லோடர் நிற்கும்.

அருளப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. டீசல் வந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்து, அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று பார்ப்பார். கிரீஸை இரண்டு விரலால் நசுக்கி, முகர்ந்து, அதன் பிறகுதான் கிரீஸ் கன்னில் அடைப்பார். லோடரின் நடு உடம்பு வளையும் இடத்தில் கிரீஸ் அடிக்கிற முனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் துணியால் துடைக்காமல் அடிக்க மாட்டார். "தொடைக்காம அடிச்சா மண்ணத்தான் உள்ள அனுப்புறோம்" என்பார். ஹேண்ட் பிரேக்கை அவர் நம்புவதில்லை. முன்னால் ஜல்லி அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பத்தடி போய்த் திரும்பி ஒருமுறை பார்ப்பார். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால், முதலில் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பாராம், பிறகு கொண்டுவந்த ஆளை மேலும் கீழும் பார்ப்பாராம். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் சொன்னது இது.

வண்டியின் உடம்பு முழுக்கச் சாக்பீஸ் வட்டங்கள். எங்கே புதிதாக ஒரு கீறல் விழுந்தாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார். "நாளப்பின்ன என் தலையில கட்டக் கூடாதுல்ல" என்பார். யார் கட்டுவார்கள் என்று கேட்டால் ஆனந்த்ராஜின் பைக் போன திசையைப் பார்ப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிந்தது. பேகம்பூரிலிருந்து மெக்கானிக் ஃபாரிஸ் வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் வெந்துபோயிருந்தது. எண்ணெய் கறுத்து, கருகிய நாற்றம் அடித்தது. "யாரோ பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க முதலாளி. லேசா அமுங்கிட்டே இருந்தாலும் போதும், உள்ள காந்திரும்" என்றார். சரி செய்தார். சரியாக ஒரு மாதத்தில் மறுபடியும் கசிந்தது. முதலாளி முத்துச்சாமி எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"அது எவன் காலுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சா அவன் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

எல்லோரும் ஆனந்த்ராஜைப் பார்த்தோம். அவனுக்கு இருபத்தேழு வயது. காதில் பாட்டு ஓடும், வண்டியை வேகமாகத் திருப்புவான். நானும் அவன்தான் என்று நினைத்தேன். அருளப்பன் இருபத்திரண்டு நாள் தொடர்ந்து புறங்கையை வைத்துப் பார்த்து, இருபத்திரண்டு நாளும் சுடுகிறது என்று முதலாளியிடம் சொன்னார். புதன்கிழமை வந்து முடிவு சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். நிலக்கோட்டையில் அம்மா, அப்பா, தங்கை, மனைவி, கைக்குழந்தை என ஐந்து பேர் ஆனந்த்ராஜின் இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அந்தப் புதன்கிழமை ஆனந்த்ராஜ் தங்கையின் கல்யாணத்துக்காக லீவு. காலை ஆறு மணியிலிருந்து அருளப்பனே ஓட்டினார். இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்தினார். வண்டியை ஒப்படைக்க ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. ஆனாலும் பழக்கத்தில் இறங்கிப் போய்ப் புறங்கையை வைத்தார்.

ஒன்று எண்ணுவதற்குள் கை வெடுக்கென்று பின்வாங்கியது.

இடது கையை வைத்துப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. வெயிலோ என்று பக்கெட்டைத் தொட்டார். அது வெறும் வெதுவெதுப்பு. உடனே ஃபாரிஸுக்குப் போன் போட்டார்.

"என்ன ஆயிலுப்பா ஊத்துன?"

"நீங்கதானண்ணே பக்கத்துல நின்னு டப்பா சீல உடைச்சுக் குடுத்தீங்க!" போனுக்கு வெளியே, என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

அருளப்பன் சக்கரத்தின் அருகிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இது வரைக்கும் தான் ஓட்டி முடித்த வண்டியை அவர் தொட்டுப் பார்த்ததே இல்லை. இரவு பத்து மணிக்கு நிறுத்துவார், காலையில் ஆனந்த்ராஜ் வருவதற்குள் ஆறியிருக்கும்.

யார்டில் தூசி பறக்காமல் தண்ணீர் அடிக்கிற ஜெயமேரியைக் கூப்பிட்டார்.

"செயமேரி, இங்கின வந்து நில்லு. நான் ரெண்டு பக்கெட்டு அள்ளுறேன். என்ன தப்பாத் தெரியுதுன்னு சொல்லு."

"வண்டியப் பத்தி எனக்கு என்னண்ணே தெரியும்?"

"தெரியாத ஆளுதான் வேணும்."

அள்ளிவிட்டு வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. எப்பவும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். பின்னாடி அந்தச் செவப்பு லைட்டு எரியுது. அது உங்களுக்கு எப்பவும் எரியுறதுதான?"

"எனக்கா?"

"ஆமா. நீங்க ஓட்டுனா அணையாது. ஆனந்த்ராஜு ஓட்டுனா விட்டு விட்டு எரியும். அத வச்சுத்தான அங்கிட்டு இருந்தே யாரு ஓட்டுறதுன்னு கண்டுபிடிப்பேன்."

பிரேக்கை மிதித்தால் மட்டுமே எரிகிற விளக்கு அது. ஜெயமேரிக்கு அது தெரியாது. அவள் மறுபடியும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தாள்.

லோடருக்கு வருவதற்கு முன்னால் அருளப்பன் பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரியில் இடது கால் கிளட்சின் மேல் கிடக்கும். லோடரில் கிளட்ச் கிடையாது. வலது பக்கம் ஒரு பிரேக், இடது பக்கமும் ஒரு பிரேக். கால் தன் பழைய இடத்தைத் தேடிப் போய் அந்த இடது பிரேக்கின் மேல் படுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் அது அவருக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்கு முதலாளி வந்தார்.

"என்னப்பா அருளு, நாளையில இருந்து ஆனந்த்ராஜ வர வேணாம்னு சொல்லிரவா?"

அருளப்பன் லோடரின் பின்விளக்கைப் பார்த்தார். விஷயம் அவருக்கும், ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் மட்டும்தான் தெரியும். ஜெயமேரிக்குத் தான் சொன்னது என்னவென்றே தெரியாது. அவர் பேசாமல் தலையாட்டிவிடுவார் என்றுதான் நான் சந்தேகப்பட்டேன்.

"முதலாளி, வண்டிக்குப் பின்னாடி வந்து நில்லுங்க. லைட்ட மட்டும் பாருங்க."

ஏறி, எப்போதும் ஓட்டுவதைப் போலவே ஜல்லிக் குவியல் வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினார். சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. இறங்கி வந்தார்.

"காலையில இருந்து நாந்தான் ஓட்டுறேன். தொட்டும் பாத்துக்கங்க. அது அவன் காலு இல்ல."

முதலாளி ஹப்பில் விரலை வைத்து, உதறினார்.

"இருவத்திரண்டு நாளா அவனச் சொன்னியேப்பா."

"சொன்னேன்."

எடை மேடையில் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன.

"அவன் நாளைக்கு வரட்டும். உன்ன என்ன பண்றதுன்னு நாளைக்கு அவன் முன்னாடியே பேசிக்கிருவோம். இப்பப் போயி லோடப் போடு."

அருளப்பன் ஏறி உட்கார்ந்தார். உடனே கிளப்பவில்லை. இடது காலைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, மடக்கிய காலைத் தொடையோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.