முழுவதும் சோதிக்கப்பட்டது

எங்கள் லேபில் அவருக்குப் பெயர் புட்டிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து புட்டியில் வரும் சதையை அறுத்து, துண்டுகளைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து மெழுகில் பதிக்க அனுப்புவது அவர் வேலை. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை டைப் அடிப்பது என் வேலை. எதிரெதிர் மேஜை.

மனுஷர் சரியான பிடிவாதக்காரர். காலிலோ கையிலோ ரத்தக்குழாயை அடைத்த கட்டி வந்தால் மற்றவர்கள் ஒரு துண்டு எடுத்து வைப்பார்கள். இவர் கடைசித் துணுக்குவரை விட மாட்டார்.

"ஒரு ரத்தக்கட்டிக்குப் பதினோரு பெட்டியா? மெழுகு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று டாக்டர் கத்துவார். இவர் காதே கேட்காதவர்போலப் புட்டியைச் சாய்த்து அடியைப் பார்ப்பார்.

காரணம் எனக்குத் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணின் காலிலிருந்து எடுத்த கட்டி வந்தது. அன்று புட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. வெறும் ரத்தம்தானே என்று ஒரு துண்டை வைத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டார். டாக்டர் ரத்தக்கட்டி என்றார். நானும் அப்படியே அடித்தேன். ஒன்றரை மாதத்தில் அந்தப் பெண் மூளையில் அடைப்பு வந்து செத்துப்போனாள். அறுத்துப் பார்த்தால், இதயத்தின் இடது மேலறையில் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பாவி, அது புற்றுநோய்கூட இல்லை, எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். காலை அடைத்தது அதிலிருந்து உதிர்ந்த துணுக்கு.

அந்த இதயம் ஒரு ஜாடியில் எங்கள் அலமாரிக்கே வந்து சேர்ந்தது. அதற்கு மருந்துத் தண்ணீர் மாற்றுவதை அவர் யாரிடமும் விட்டதில்லை. மாற்றிய நாளில் சாப்பிட மாட்டார்.

"கண்ண மூடினா முன்னால வந்து நிக்குதும்மா" என்றார் ஒருமுறை.

"போதும், வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரமே என் நாற்காலியை அலமாரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் இன்னொரு பெண்ணின் கையை அடைத்த கட்டி வந்தது. வழக்கம்போலப் பதினோரு பெட்டி. ஒன்பதாவது பெட்டியில் இருந்தது வெறும் ரத்தமில்லை, அதே ஜெல்லிக் கட்டியின் செல்கள். உடனே ஃபோன் பறந்தது. இதயத்தைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து அவளே ஒரு பழைய ஃபைலோடு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குப் பத்து வயசுல எங்கம்மா போயிட்டாங்க. எதனாலன்னு அப்பா கடைசிவரைக்கும் வாயே திறக்கல. இது சில குடும்பத்துல வழிவழியா வருமாம், அம்மாவுக்கு இருந்துச்சான்னு டாக்டர் கேக்கறார். இருந்திருந்தா தங்கச்சிக்கும் பாக்கணுமாம். அவளோ இந்தப் பேப்பரக் காட்டி, அம்மாவுக்கு வெறும் ரத்தக்கட்டிதான், நான் வரமாட்டேன்னு அடம்பிடிக்கறா."

ரிப்போர்ட் எண்ணைப் பார்த்தேன். நான் மறக்காத எண்.

"அவ்ளோ பழைய பதிவெல்லாம் இப்ப இல்லம்மா" என்றேன், வாய் கூசாமல்.

புட்டிக்காரர் எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தார். "இருக்கும்மா. உங்கம்மாவுக்கும் இதேதான். முழுசாப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மிச்சத்தக் கொட்டினவன் நான். தங்கச்சிய இன்னைக்கே கூட்டிட்டுப் போ."

அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் பேப்பரைப் பிரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அப்போ, 'முழுவதும் சோதிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கே?"

அந்த வரியை யாரும் சொல்லி நான் அடிப்பதில்லை. எல்லா ரிப்போர்ட்டுக்கும் அடியில் பழக்கத்தில் அடிப்பது. அதை நம்பித்தான் டாக்டர் அன்று மிச்சத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். புட்டிக்காரர் கொட்டுவதை எதிர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் அதை அடித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அதுவும் என் தப்புதாம்மா" என்றார்.

நான் அடுத்த ரிப்போர்ட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

தங்கைக்கும் சின்னதாக ஒன்று இருந்ததாம், எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று புட்டிக்காரர் ஜாடிக்குத் தண்ணீர் மாற்றினார், கை கழுவினார், டப்பாவைத் திறந்து வயிறாரச் சாப்பிட்டார். இப்போது எனக்குத்தான் சாப்பாடு இறங்குவதில்லை. கண்ணை மூடினால் முன்னால் வந்து நிற்கிறது.