செல்வராஜ் பேருக்கு நான் சொன்ன பதில்

இதை எழுத நினைத்து எழுதாமல் விட்டே பல வருடம் போய்விட்டது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும், இதை எப்படி எழுதுவது என்று முருகனிடம் கேட்பேன். ஒன்றும் பிடிபடாமல் வீட்டுக்கு வருவேன். எட்டாம் வகுப்புதான் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

பெரட்டுப் பழக்கம்

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். ஆள் பிந்திவிட்டால் பக்கத்தில் நிற்பவர் "வந்தாச்சுங்க" என்று சொல்லிவிடுவார். பத்து நிமிடத்தில் ஆள் ஓடி வந்துவிடும். கங்காணிக்கும் தெரியும். என் வீடு இருந்த அதே லய வரிசையில் குடியிருந்த செல்வராஜ் எனக்காகப் பலமுறை சொல்லியிருக்கிறான்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு மைதானம் கட்ட, வளைகுடாவுக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். கம்பி கட்டும் வேலை. அங்கேயும் விடிந்ததும் பஸ் பக்கத்தில் பேர் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலை

முதல் நாள் வெயிலில் செல்வராஜ் வாந்தி எடுத்திருந்தான். காலையில் எழும்பவில்லை.

"மச்சான், கொஞ்சம் படுத்துட்டு அடுத்த பஸ்ல வர்றேன். பேரச் சொல்லிரு."

"சரி, படு. தண்ணியக் குடி."

சொல்லிவிட்டேன்.

பதில் வராத ஆளின் அறைக்குத்தான் கேம்ப் பொறுப்பாளர் போய்ப் பார்ப்பார். முடியாதவரை கிளினிக்குக்கு அனுப்புவார். அன்று எல்லாப் பேருக்கும் பதில் வந்தது. அவர் எங்கும் போகவில்லை. மாலையில் வேலை முடிந்து அறைக்கு வந்து நான் தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது. ரெஜிஸ்டரில் அன்று முழுநாளும் செல்வராஜ் வேலை செய்திருக்கிறான். கம்பெனி கொடுத்த கடிதத்தில், அறையில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். தூக்கத்தில் போய்விட்டான் என்று மட்டும் ஊரில் சொன்னேன்.

டிவியில் கணக்கு

நான் ஊர் திரும்பியிருந்தேன். போட்டி தொடங்கிய வாரம் லயமே எங்கள் டிவி முன்னால் இருந்தது. மேட்சுக்கு முன் கோட்டுப் போட்ட இரண்டு பேர், மைதானம் கட்டியதில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சண்டை. ஒருவர் நிறைய என்றார். மற்றவர், வேலையிடத்தில் செத்தவர்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் இயற்கை மரணம் என்றார்.

"இவனுங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள மேட்சே முடிஞ்சிரும்," என்றார் கங்காணி. சிரித்தார்கள்.

வாசலில் நின்ற செல்வராஜ் மனைவி பரமேஸ்வரி கேட்டாள்: "அண்ணே, இவுங்க சொல்ற கணக்குல நம்ம ஆளு இருக்காரா?"

"இல்லம்மா. ரூம்ல போனவங்கள சேக்க மாட்டாங்க."

"அம்புட்டு நேரம் ஏன் யாருமே போய்ப் பாக்கல?"

வெளியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே யாரோ கோல் போட்டுவிட்டார்கள், ஒரே கூச்சல். அது அடங்கியதும் சொன்னாள்:

"உங்களுக்காக அவரு எத்தன தடவ சொல்லியிருப்பாரு. அதனால ஏச மாட்டேன். கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க." இரண்டு அடி போய்த் திரும்பினாள். "டிவிக்காரங்க இத சொல்ல மாட்டாங்க. நீங்க எழுதுங்க. நீங்க பேர் சொன்னதயும் சேத்து எழுதுங்க."

எந்தத் தேசம் போனாலும் உங்கள் பேருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கூட வந்தவன் படுத்திருந்தால், படுத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். இதை மற்றவருக்குச் சொல்லும்போது கம்பெனியின் பங்கைக் கூட்ட வேண்டாம், என் பங்கைக் குறைக்க வேண்டாம். செல்வராஜ் பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.