துரைக்கு முன்னால் வரும் நாய்

பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார் என்ற செய்தி தேயிலைத் தோட்டம் முழுக்கப் பரவிய வாரம் அது. பங்களாவில் சமையல் செய்தவரை அப்பு என்று கூப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை, துரையின் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அப்பு, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, புதுசா வர்ற தொரை நாயே வேணாம்னுட்டாரு. இவருக்குக் கப்பல்ல கொண்டுபோக முடியலியாம். நாளைக்கு விடிஞ்சதும் சுட்டுப் பொதைச்சிட்டு ரயில் ஏறுறேங்குறாரு. ஒம் பொண்ணுக வேலிப் பக்கம் வந்து இதோட வெளையாடுமே, அதான் ஒங்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

"தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். யாரு வேணா கொண்டுபோங்கன்னாரு. அதையும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டுத்தான் சொன்னாரு."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒடுங்கின தாழ்வாரத்தில், உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா. அதற்குள் நாங்கள் இரண்டு பேர், பெண்பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு கோழிக்கூடு. வேண்டாம் என்றுதான் சொல்லுவாள் என்று நினைத்தேன். பின்னாளில் யார் கேட்டாலும் அவள் சொல்லும் கதை இது: "வேணாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எங் கால் மேல தலைய வச்சுப் படுத்துருச்சு. கால எப்படி எடுக்குறது, சொல்லுங்க."

வெள்ளை நாய். முதுகில் பழுப்புத் திட்டு, காது இரண்டும் தொங்கல். பங்களாவில் கம்பளத்தில் படுத்த நாய் எங்கள் வீட்டில் சாக்கில் படுத்தது. முதல் நாள் ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு, மறந்துபோய் வைத்துவிட்டீர்களோ என்பதுபோல என் முகத்தைப் பார்த்தது. மறுநாள் தின்றது. மூன்றாம் நாள் தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலும் கேட்டது. "இங்கிலீசு நாயி, மூக்கு ஒழுக ஒழுக சம்பல் திங்குது பாரு" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. அந்த அக்காவின் வாய்க்காகவே நான் சில சாயங்காலங்களில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன்.

துரை வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. என் மனைவி "இந்தா" என்பாள், நாய் ஓடிவரும். என்னை "இந்தாங்க" என்பாள். நாயும் நானும் சேர்ந்தே திரும்பிப் பார்த்த நாட்கள் உண்டு.

யாரைக் கண்டாலும் வாலாட்டும் பிறவி அது. ஒரு வாரத்தில் லயத்தில் அது போகாத காம்பரா இல்லை. ஆனால் அதனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பழைய துரை காலை ஒன்பதரை மணிக்கு மலை சுற்றப் போவார். நாய் அவருக்கு இருபது அடி முன்னால் ஓடும். பாதை வளைவில் முதலில் நாய் தெரியும், பிறகுதான் தொப்பி தெரியும். ஆறு வருஷமாக அப்படி. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நாயைக் கண்டால் போதும், வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்புவார்கள், பேச்சை நிறுத்துவார்கள், கூடையில் சேரக் கூடாத முற்றிய இலையைச் செடிக்கடியில் தள்ளுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

அந்தத் துரை கப்பல் ஏறிப் போய்விட்டார், புதியவரும் பங்களாவுக்கு வந்துவிட்டார். நாய் மட்டும் ஒரு புதன்கிழமை ஒன்பதரை மணிக்குத் தன் பாட்டில் மலை சுற்றக் கிளம்பிவிட்டது.

வளைவில் அது தெரிந்ததும் நாற்பது பெண்களும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கப்சிப்பானார்கள். அவர்களை வேலை வாங்கும் கங்காணி அதற்கும் மேலே போனார். குடையை மடக்கினார், தலைப்பாகையைச் சரிசெய்தார், வளைவைப் பார்த்துக் குனிந்து "சலாங்க தொரை" என்றார். நிமிர்ந்தால் எதிரே நாய் மட்டும் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

பெண்கள் சிரித்த சிரிப்பு நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கட்டையாக்கிக்கொண்டிருந்த எதிர்மலை வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இன்னொரு தடவ இத மலையில கண்டேன்னா ஆபீசுல சொல்லி வாச்சரத் துப்பாக்கியோட அனுப்புவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாத" என்றார். சொன்னால் செய்கிறவர். போன வருஷம் மேல் லயத்தில் இரண்டு நாய்கள் அப்படித்தான் போயின.

மறுநாள் கட்டிப்போட்டோம். கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு ஒன்பதரைக்கு வளைவில் போய் நின்றது. நல்ல வேளை, கங்காணி அந்த நேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்தார். வட்டகொடை ஸ்டேஷனில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன். பிள்ளைகள் இரண்டும் அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் கை வைத்தேனே தவிரச் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது.

என் மனைவிதான் யோசித்துச் சொன்னாள். "தனியா வந்தாத்தானே பின்னாடி தொரை வர்றாருன்னு பதறுறாங்க. காலையிலேயே நம்மளோட நடந்து வந்துட்டா, அது நம்ம நாயி. அதப் பாத்து யாரு பதறப்போறா?"

வெள்ளிக்கிழமை விடியும்போது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நாயோடு போய் நின்றாள். கங்காணி முறைத்தார்.

"இன்னைக்கு ஒரு நாளு பாருங்க ஐயா. சரிவரலேன்னா நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுர்றேன்."

"ஒரு நாளுதான்" என்றார் அவர்.

மற்றதை அக்கா சொல்லக் கேட்டேன். பெண்களோடு மேலே போன நாய் ஒரு செடிக்கடியில் படுத்துக்கொண்டதாம். ஒன்பதரைக்கு ஒரு தடவை எழுந்து வளைவைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டதாம். பத்து மணிக்கு வளைவில் ஒரு தொப்பி தெரிந்தது. புதிய துரை, நாய் இல்லாமல் வருகிறவர் என்பதால் ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. கூடைகளில் முற்றிய இலை கிடந்தது கிடந்தபடி.

தொப்பியைக் கண்ட நாய் பாய்ந்து ஓடியது.

"தொரை பின்னுக்குப் போறாரு, இது முன்னுக்குப் போகுது" என்றார் அக்கா. "அவரு தண்ணி போற கான் ஓரம் வரைக்கும் போயிட்டாரு. இன்னொரு எட்டு வச்சிருந்தா உள்ளதான் விழுந்திருப்பாரு. மொகமும் சட்டையும் ஒரே வெள்ள. அட பாவி மனுசா, ஒனக்கு நாயின்னா பயமான்னு மனசுக்குள்ள நெனைச்சேன். சிரிக்கல. சிரிச்சா வேலை போயிருமே."

"யார் நாய் இது?" என்று துரை கேட்டாராம்.

என் மனைவிக்குக் கை கூடைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கங்காணி அன்றோடு காரியத்தை முடித்திருக்கலாம். நாற்பது பெண்களும் துரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி அந்தப் பெண்களையும் அவர்கள் கூடைகளையும் ஒரு பார்வை பார்த்தாராம். அவர்களுக்கு முன்னால் நாய்க்குக் குனிந்து நிமிர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. போய் நாயின் கழுத்தைப் பிடித்து, துரைக்கும் பெண்களுக்கும் நடுவில் மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"பழைய தொரையோட நாயிங்க. கடிக்காதுங்க. புதுசா ஒரு தொரையக் கண்டதும் சந்தோசப்படுது."

துரைக்கு மூச்சு வந்தது. "நல்ல நாய்" என்றார். "பிடிச்சுக்க" என்றார். கூடை ஒன்றையும் கிளறிப் பார்க்காமல் வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் கங்காணி மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். நாய் அவர் காலடியில் போய்ப் படுத்தது. அவர் நிதானமாகக் குடித்து முடித்தார். வேறு காம்பராக்களிலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"திங்கக்கிழம தொரை மேல் மலைக்குப் போறாராம். அங்க உள்ள கங்காணி கேக்குறாரு, அன்னைக்கு நாய அவரு ஆளுககிட்ட அனுப்ப முடியுமான்னு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"எங்க மலைக்கே ஆளு பத்தலைன்னேன்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பெரட்டுக்கு நேரத்தோட கூட்டிட்டு வா புள்ள. பிந்தி வந்தா அதுக்கும் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளந்தான் போடுவேன்."

அவர் தலை மறையும்வரை அக்கா பொறுத்திருந்தார். பிறகு தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து எங்கள் இஸ்தோப்புக்குள் வீசினார். "திங்கட்டும்" என்றார். "முழுப்பேர் வேலை பாக்குற நாயி."