ஆண்களுக்கான விசிறி

மச்சாளின் தையல் மெசின் இப்போது எங்கள் வீட்டில், சாப்பாட்டு அறை ஜன்னலோரம் நிற்கிறது. அதன் மேசையில் ஓர் ஒடுங்கிய இழுப்பறை உண்டு. அது முழுதாக மூடுவதில்லை. உள்ளே ஒரு மடிப்பு விசிறி, வாங்கியபோது வந்த கடதாசிப் பெட்டியுடன் குறுக்காகக் கிடக்கிறது. நேராக வைக்க நீளம் விடாது. பெட்டியின் மூலை முட்டி, இழுப்பறை எப்போதும் ஒரு விரல் அளவுக்குத் திறந்தபடியே இருக்கும். அந்த வழியால் போகும்போதெல்லாம் என் இடுப்பு அதில் இடிக்கும். அலமாரியில் வைக்கலாம்தான். எடுத்துக்கொண்டு போவேன், பிறகு எதையோ யோசித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், வெளியே இரும்புப் படிக்கட்டு வைத்த வீட்டில் நாங்கள் கீழேயும் அவர் மேலேயும் இருந்தோம். அவர் உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் தைத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை, பாண் வாங்க சைக்கிளில் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்குப் பிறகுதான் மச்சாள் கனடா வந்தார். வந்த பின்னும் ஒவ்வொரு நாளும் நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டே வேலைக்குப் போனார். எங்கள் ஆட்களின் கலியாண வீடு, சாமத்திய வீடு எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதும் தகவல் தெரிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். கேட்டபடியே பொட்டைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்கள் உறவினர் இல்லாத ஊருக்குப் பயணம் போவதில்லை. லண்டன், பாரிஸ், சூரிச், ரொறொன்ரோ. இந்த நான்குக்குள் உலகம் முடிந்துவிடும். விமான நிலையத்தில் கூட்டிப்போக ஒருவர் வரவேண்டும், போன வீட்டில் பாய் போட்டுப் படுக்கவேண்டும். அதனால் மச்சாள் கனடியக் கடவுச்சீட்டு கிடைத்ததும் ஜப்பானுக்குப் போகப்போகிறேன் என்றபோது வீடே சிரித்தது. "அங்கை ஆர் இருக்கினம்?" என்று என் கணவர் கேட்டார். "ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்" என்றார் மச்சாள். தொழிற்சாலையில் அவருடைய மெசினுக்கு நேரே, தையல் மெசின் விற்பவர்கள் வருடா வருடம் கொடுக்கும் ஜப்பான் நாட்காட்டி தொங்கியது. அதில் கியோத்தோ நகரின் பழைய ஒழுங்கை ஒன்று. மழை பெய்து விட்ட கற்கள், இரு பக்கமும் கறுத்த மரவீடுகள், ஆளில்லை. "அந்த ஒழுங்கையைப் பார்த்தா, அதுக்குள்ள ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டினம் போல கிடக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

தனியே விடக்கூடாது என்று என்னையும் கூட அனுப்ப முடிவாயிற்று. மகள் பிறந்து நான் வேலைக்குத் திரும்பாமல் இருந்த காலம். ஒரு வயது தாண்டிய பிள்ளையோடு அவ்வளவு தூரம் பறக்கவேண்டும். காது வலியும் காய்ச்சலும் அவளுக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. வைத்தியர் காதுக்குள் நீர் நிற்கிறது என்றார். கணவரின் பெரியம்மா வேறு விதமாகச் சொன்னார்: "வீட்டில செத்தவைக்குச் செய்யவேண்டிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்யாமல் வைச்சிருந்தா, பச்சைப்பிள்ளைக்குத்தான் முதல் பிடிக்கும்." நான் பல்கலைக்கழகம் படித்தவள். இதை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நடுச்சாமத்தில் மகள் காதைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது நம்பினேன். பயணத்துக்கு முதல் நாள் கணவர் சொன்னார், "நீர் ஒருக்கால் அக்காவோட கதைச்சுப் பாரும். நாங்கள் சொன்னாக் கேக்கமாட்டா. உம்மில அவவுக்கு ஒரு பட்சம் இருக்கு." என்ன கதைப்பது என்று நான் கேட்கவில்லை. காணாமற் போன அத்தானுக்கு, மச்சாளின் கணவருக்கு, அந்தியேட்டி செய்ய மச்சாளைச் சம்மதிக்க வைக்கவேண்டும். அதாவது அவர் செத்துவிட்டார் என்று மச்சாளின் வாயால் சொல்ல வைக்கவேண்டும்.

கியோத்தோவில் பழைய தெருக்களை நடத்திக் காட்டும் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். வழிகாட்டி மச்சாளின் வயதொத்த ஒரு பெண். துணித் தொப்பியும் கையில் சின்ன மஞ்சள் கொடியும். எங்களோடு இன்னும் நான்கைந்து பேர் வந்தார்கள். மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அவளுக்குக் குளிருமா, வேர்க்குமா, கற்களில் என் கால் வழுக்குமா என்ற யோசனையோடே நடந்தேன். அதனால் பாதி விளக்கம் என் காதில் ஏறவில்லை. ஏறியவை இன்றும் துலக்கமாக இருக்கின்றன. வீடுகள் தெருவுக்கு ஒடுங்கிய முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே நீண்டு நீண்டு போகும். விலாங்கு மீனின் படுக்கை என்று அவற்றைச் சொல்வார்களாம். வாசலில் நீர் நிறைத்த சிவப்பு வாளிகள் இருந்தன. எல்லாமே மரம் என்பதால் நெருப்புக்குப் பயந்து வைப்பதாம். ஜன்னல்களுக்கு மரச்சட்டம் அடித்திருந்தார்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது. மச்சாள் அந்தச் சட்டத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "எங்கட ஆக்களுக்கு இது சரிவராது. கதவைத் தட்டி, உள்ளுக்கு என்ன சமைக்கிறியள் எண்டு கேட்டிருப்பினம்" என்று சொல்லித் தானே சிரித்தார்.

படிகள் இறங்கும் ஒரு சரிவில் வழிகாட்டி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். இந்தப் படிகளில் தடக்கி விழுபவர் சில ஆண்டுகளுக்குள் செத்துப்போவார் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, கவனமாக வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினேன். மச்சாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கட ஊரில ஒருத்தரும் தடக்கி விழேல்லை. அங்கையும் செத்துத்தானே போச்சினம். பயப்பிடாமல் இறங்கும்." அவர் வாயிலிருந்து செத்த கதை வந்ததும் எனக்குள் ஒன்று விழித்துக்கொண்டது. இதுதான் தருணம், இப்போது தொடங்கலாம் என்று நினைத்தேன். வாயைத் திறக்க முன்னரே வழிகாட்டி எங்கள் பக்கத்தில் வந்துவிட்டார்.

இந்தியர்கள் பலரை நடத்திக்கொண்டு போயிருக்கிறேன் என்றார் அவர். மச்சாளின் நெற்றியைக் காட்டி, சிவப்பு என்றால் திருமணமானவர் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், சரிதானே என்று கேட்டார். மச்சாள் ஆமெனத் தலையசைத்தார். கணவர் வரவில்லையா என்று வழிகாட்டி கேட்டார். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். மச்சாள் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், மிகச் சாதாரணமாக, "அவர் மொன்றியலில் நிற்கிறார். அவருக்கு நடக்க விருப்பமில்லை" என்றார்.

வழிகாட்டி வாய்விட்டுச் சிரித்தார். தன் கணவரும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமையில் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழுப்ப முடியாது என்றார். அதற்குப் பிறகு அந்த இருவரும் பக்கம் பக்கமாக நடந்தார்கள், நான் பின்னால். மச்சாள் சொல்லிக்கொண்டே போனார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. குளிருக்கு முழங்கால் நோகும். குறட்டை விடுவார். தேநீருக்குச் சீனி கூடப் போடுவார், வேண்டாம் என்றால் கோபம் வரும். சப்பாத்தைக் கழற்றி வாசலுக்குக் குறுக்கே போட்டுவிடுவார். தலை முன்பக்கம் நரைத்துவிட்டது, சாயம் பூசச் சொன்னால் கேட்கிறாரில்லை. குறட்டையும் சீனியும் உண்மையாக இருக்கலாம். துறைமுகமும் முழங்காலும் நரையும் அந்தத் தெருவில் நடந்துகொண்டே மச்சாள் உண்டாக்கியவை. எங்கள் வீட்டுப் படத்தில் அத்தான் கறுத்த மீசையோடு முப்பது வயதுக்காரராகவே நிற்கிறார். காணாமற் போனவர்களுக்கு வயது போவதில்லை. மச்சாள் மட்டும் தனக்குள் அவருக்கு வருடா வருடம் வயது ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சாளின் நடை கூட மாறியிருந்தது. புருசனைக் குறை சொல்லும் ஒரு சாதாரணப் பெண்ணின் நடை அது.

சுற்றின் முடிவில் பழைய மரவீடொன்றிலிருந்த விசிறிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். மொன்றியலில் ஆடி மாத வெக்கைக்கு நல்லது என்று மச்சாள் சொன்னார். ஆணுக்கா, பெண்ணுக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆண்களுடையது நீளமாகவும் பெண்களுடையது குட்டையாகவும் இருக்குமாம். "ஆணுக்கு" என்றார் மச்சாள். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். வழிகாட்டி கொக்குகள் போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். மச்சாள் வேண்டாமெனத் தலையாட்டிவிட்டு என்னிடம் தமிழில், "அந்தாளுக்குப் படம் போட்டது பிடிக்காது" என்றார். கருநீலத்தில் வெறும் துணி ஒட்டிய ஒன்றைத் தேர்ந்தார். கடைக்காரர் பெட்டியில் வைத்து நாடா கட்டினார். விடைபெறும்போது வழிகாட்டி, அடுத்த முறை கணவரையும் இழுத்துக்கொண்டு வாருங்கள், மெதுவாக நடப்போம் என்றார். "ஓம், ஓம்" என்று மச்சாள் தமிழிலேயே சொன்னார்.

அன்று மாலை விடுதி அறையில் நான் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் விசிறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார்.

"தம்பி உம்மட்டை ஏதோ சொல்லிவிட்டவன், என்ன?"

"ஓம் மச்சாள்."

"எனக்குத் தெரியும் என்னெண்டு."

நான் போத்தலை ஆட்டிக்கொண்டே நின்றேன். ஆறிவிட்டதா என்று பார்க்கவும் மறந்துபோனேன்.

"பேந்து சொல்லும்," என்றார். "இண்டைக்கு ஒருநாள் அவர் மொன்றியலில நிக்கட்டும்."

நான் பிறகும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் கணவர் கேட்டார். கதைக்கவில்லை என்றேன். "அப்ப எதுக்குப் போனனீர்?" என்றார். பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மச்சாளுக்குப் பைத்தியம் என்று வீடு முழுக்கப் பரவிவிடும் என்று பயந்தேன். அடுத்த குளிர்காலத்தில் மகளின் காதில் சின்னக் குழாய் வைத்தார்கள், காய்ச்சல் நின்றது. போர் முடிந்த வருடம் மச்சாள் தொலைபேசியைப் படுக்கையில் வைத்துக்கொண்டே நித்திரை கொண்டார். முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் அவர் தேடிய பெயர் இல்லை. இனியாவது செய்யுங்கோ என்று எல்லோரும் சொன்னார்கள். மச்சாள் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த மாரியிலேயே, வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற இடத்தில், மாரடைப்பில் விழுந்துவிட்டார்.

இறுதிச்சடங்கு மண்டபத்தின் பின்னறையில் அவரை உடுத்த நாங்கள் பெண்கள் சேர்ந்தோம். கூறைச் சேலையா, வெள்ளையா. பொட்டு வைப்பதா, விடுவதா? புருசன் இருக்க இறந்தவளைச் சுமங்கலியாகப் பொட்டும் பூவும் வைத்து அனுப்புவார்கள். புருசன் போனவளுக்கு அது இல்லை. "அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் என்னெண்டு பொட்டு வைக்கிறது?" என்று பெரியம்மா கேட்டார். "வைக்காமல் விட்டு, அவன் எங்கையும் இருந்தா அவனுக்கு ஆகாதெல்லோ?" என்றார் இன்னொருவர். இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, மச்சாள் வெறும் நெற்றியோடு கிடந்தார். அப்படி அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு கடையில் பால்மா விலை பார்த்தால் எந்தக் கடை என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவள் நான். என் குரல் எனக்கே வேறொருவருடையதாகக் கேட்டது. "மச்சாள் ஒருநாளும் பொட்டில்லாமல் வெளிக்கிட்டதில்லை. இண்டைக்கும் வெளிக்கிடமாட்டா." குங்குமத்தை நானே தொட்டு வைத்தேன். அது சற்று இடப்பக்கம் விலகிவிட்டது. துடைத்துத் திரும்ப வைக்கத் துணிவு வரவில்லை.

அன்று என் கைப்பையில் விசிறிப் பெட்டியும் இருந்தது. மச்சாளின் பக்கத்தில் வைத்து அனுப்பவென்று மேல் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சவப்பெட்டியை மூடும் வரைக்கும் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அது மச்சாளுடையதல்ல, அத்தானுக்கென்று வாங்கியது. மச்சாள் போகும் இடத்துக்கு அதைக் கொடுத்துவிட்டால், அவரும் அங்கேதான் இருக்கிறார் என்று நானே சொன்னது போலாகிவிடும். சொல்லச் சொல்லி அனுப்பியும் நான் சொல்லாமல் விட்டது அதைத்தான். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியாது. சில நாட்களில், மச்சாள் அதை எதிர்பார்த்திருப்பாரோ என்றும் தோன்றுகிறது.

போன கிழமை நல்ல வெக்கை. மகள் மெசினடியில் விளையாடிக்கொண்டிருந்தவள் இழுப்பறையிலிருந்து பெட்டியை இழுத்தெடுத்துவிட்டாள். நாடா இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. இது யாருடையது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மாமாவின்ர," என்றேன்.

"மாமா எங்க?"

இந்த ஊரில் அவரைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை, பொட்டைப் பார்க்காமல், பதில் தெரியாமல் கேட்டது அவள் ஒருத்திதான். துறைமுகத்தில் வேலை, முழங்கால் நோ என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"அழுக்காக்காமல் வைச்சிடுங்கோ. மாமாவுக்கு வாங்கினது," என்றேன்.

அவள் இரு கையாலும் பெட்டியைப் பிடித்துக் குறுக்காக உள்ளே வைத்தாள். இழுப்பறையைத் தள்ளினாள். மூலை முட்டியது. இன்னொருமுறை தள்ளப் போனவளை, "அவ்வளவும் காணும் அம்மா, விடுங்கோ" என்று நிறுத்தினேன்.