வல்க்றோன் தப்பினால் ஒரு மொட்டை

பிரேக்கை மிதித்தது நான் இல்லை, தேவராசா அண்ணை. பச்சை விளக்கு எரிந்தது. முன்னால் வாகனம் இல்லை, குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு எதிரே கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

“ஒண்டுமில்லைத் தங்கச்சி, எடுங்கோ,” என்றார் அவர். பிறகு கண்ணாடியைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டார்: “மூண்டு பேர் பின்னுக்கு நிண்டவங்கள். மூண்டு பேரும் பந்தைப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்.”

கார் ஓட்டப் பழக்குகிறவர்களின் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவர் கோல் விழுந்தால் மிதிப்பார். சனிக்கிழமை மத்தியானங்களில் அவருடைய இடது காதில், பழகுபவரின் கண்ணுக்குப் படாத பக்கத்தில், ஒரு சின்ன இயர்போன் இருக்கும். அதற்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் கத்திக்கொண்டிருப்பார். கடந்த பருவத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்தவர்கள் எல்லோருக்கும் அவசர நிறுத்தம் நன்றாகப் பழகிவிட்டது. வேறு எதுவும் பழகவில்லை.

தேவராசா அண்ணைக்கு வயது ஐம்பத்தெட்டு. தலை நிறைய முடி. அந்த வயதில் பலருக்கு வாய்க்காத கறுப்பு; அதில் பாதி மையின் உபயம். சட்டைப் பையில் இரண்டு பேனை, கழுத்தில் உரிமத்தின் அட்டை. மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி. லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. அதற்கு முன் பதினாறு வருடம் பிரான்சில் இருந்தார். பிள்ளை இங்கிலிஷ் படிக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு கடல் கடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். வந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த நாட்டின் எந்தப் பொருளும் அவருக்குப் பிடித்ததில்லை. பாண் பிழை, வெண்ணெய் பிழை, வீதியின் பக்கம் பிழை. “பிரான்சிலை எண்டால்…” என்று தொடங்குவார். வசனம் முடிய இரண்டு சந்தி கடந்திருக்கும். அந்த இரண்டு சந்தியிலும் நாங்கள் திரும்ப வேண்டிய பக்கத்தைத் தவறவிட்டிருப்போம்.

அவருடைய உதைபந்தாட்டக் கிளப்பின் பெயர் வல்க்றோன். வட பிரான்சில், வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கு அடியில் மறைந்துவிடுகிற ஊர். மஞ்சளும் ஊதாவும் கலந்த சட்டை. இரண்டாம் பிரிவில் கடைசி வரிசையில் குந்தியிருப்பதே அந்தக் கிளப்பின் குலத்தொழில். சென்ற பருவத்தில் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. புதுவருடம் பிறக்கும் வரைக்கும் இரண்டே இரண்டு வெற்றி. ஐந்து மாதத்தில் மூன்று பயிற்சியாளர்கள். நாலாவதாக வந்தவர் பாடசாலையில் உடற்பயிற்சி படிப்பித்தவராம். முன்னணி ஆட்டக்காரர் ஒரே ஒரு கோல் போட்டார். அதையும் சொந்த வலைக்குள் போட்டார். மைதானத்தில் புல்லுக்கு ஏதோ நோய் வந்து நடுவில் ஒரு வட்டமாகச் செத்துப்போனது. “புல்லுக்கும் வெக்கம் இருக்குத்தானே,” என்றார் தேவராசா அண்ணை.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். அவர் ஒரு நாளும் அந்த மைதானத்துக்குள் போனதில்லை என்பதை அவருடைய மனைவி நகுலேஸ்வரி சொல்லித்தான் அறிந்தேன். பதினொரு வருடம் அண்ணை மைதானத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் கோப்பை கழுவினார். ஆட்டம் நடக்கும் நாளில்தான் கூட்டம். ஆகவே ஆட்டம் நடக்கும் நாளில் லீவு இல்லை. புகைபோக்கி வழியாகச் சத்தம் வரும். சத்தத்தை வைத்துக் கோலை அறிவார். ஆட்டம் முடிந்தபின் கோப்பைகளை வைத்து முடிவை அறிவார். வென்றால் இனிப்புக் கோப்பைகள் வழித்து நக்கியதுபோல வரும். தோற்றால் இறைச்சி பாதியில் திரும்பி வரும். பதினொரு வருடம் பிறர் எச்சிலில் ஒரு கிளப்பைப் பின்தொடர்ந்த மனிதரை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

பெப்ரவரியில் வல்க்றோன் கடைசி இடத்துக்குப் போனது. அதே மாதம் அவருடைய ஒரே மகள் துஷ்யாவுக்குக் கல்யாண நாள் குறிக்கக் கோயிலுக்குப் போனார்கள். மாப்பிள்ளை றஜீவன், கிழக்கு லண்டன் குட்மேய்ஸ் பெடியன், கணக்காய்வாளர். ஜூன் முதல் ஞாயிறு என்று நாள் வைத்தார் ஐயர். மகள் பேருக்கு ஒரு அர்ச்சனை நடந்தது. அது முடிந்து நகுலேஸ்வரி விபூதி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தேவராசா அண்ணை இன்னொரு அர்ச்சனைத் துண்டை நீட்டினார். பெயர், வல்க்றோன். நட்சத்திரம், கேட்டை. கிளப் தொடங்கிய திகதியைக் கொடுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியாரிடம் தொலைபேசியில் கணித்து வைத்திருந்தார். ஏழரைச் சனி நடக்கிறதாம். ஐயர் துண்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வெளிநாட்டுப் பிள்ளையோ என்று கேட்டார். ஓம் என்றார் இவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முருகனுக்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நேர்த்தியும் வைத்தார்: வல்க்றோன் கீழே இறங்காமல் தப்பினால் மொட்டை. பருவம் முடிந்து ஒரு கிழமைக்குள் மொட்டை.

உலகத்தில் எந்தப் பக்தனும் கடவுளுக்குக் கெடு வைத்து நேர்வதில்லை. இவர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. பிரான்சில் விசா கிடைத்தால் காவடி என்று நேர்ந்தவர், விசா கிடைத்துப் பதினாலு வருடம் கழித்துத்தான் காவடி எடுத்தார். “முருகனுக்கு என்னிலை நம்பிக்கை விட்டுப்போச்சு. அதுதான் திகதி போட்டுக் குடுத்தனான்,” என்று எனக்கு விளக்கினார். பருவம் மே நடுவில் முடியும். ஜூன் ஏழுக்குள் மூன்று கிழமை இருக்கிறது. பொலிஸ்காரனுக்குப் போல முடி கட்டையாக வளர்ந்துவிடும். அதுதான் அவருடைய கணக்கு. கீழிருந்து மூன்றாவதாக முடிக்கிற கிளப், கீழ்ப்பிரிவுக் கிளப் ஒன்றோடு இரண்டு ஆட்டம் மேலதிகமாக ஆட வேண்டும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அப்படி ஆடுகிற அளவுக்கு வல்க்றோன் மேலே வரும் என்று அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அவர் நேர்ந்தது பக்தியால் அல்ல, அவநம்பிக்கையால்.

மார்ச்சில் அந்தக் கிளப்புக்கு ஏதோ பிடித்தது. வென்றது. சமன் செய்தது. மறுபடி வென்றது. உடற்பயிற்சி வாத்தியார் திடீரென்று மேதையானார். வேறெந்த ரசிகனாக இருந்தாலும் துள்ளியிருப்பான். தேவராசா அண்ணையோ ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சுற்று மெலிந்தார். ஒரு வெற்றிக்கு அடுத்த திங்கட்கிழமை நாங்கள் ரவுண்டபவுட்டை நாலு தரம் சுற்றினோம். எங்கே வெளியேறுவது என்று சொல்ல மறந்துபோய் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசி நாளில் வல்க்றோன் கீழிருந்து மூன்றாவது. மேலதிக ஆட்டம் இரண்டு. இரண்டாவது ஆட்டம் கல்யாணத்துக்குச் சரியாக ஒரு கிழமைக்கு முந்திய ஞாயிறு.

வீட்டில் அப்போதுதான் நேர்த்தி வெளியே வந்தது. நகுலேஸ்வரி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. செய்தி குட்மேய்ஸுக்கும் போனது. மாப்பிள்ளையின் தாய் செல்வமலர் சகுனம் பார்க்கிற பெண்மணி. ரயிலேறி வந்து, தேநீரைத் தொடாமல் சொன்னார்:

“கொள்ளி வைச்சிட்டு நேரை மணவறைக்கு வந்த ஆள் மாதிரியெல்லோ இருக்கும் அண்ணை. என்ரை பிள்ளையின்ரை கல்யாணப் படத்திலை மொட்டைத் தலை நிக்க ஏலாது. அப்பிடியெண்டால் நாங்கள் யோசிக்கத்தான் வேணும்.”

யோசிப்பது என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாண ஹோல் பதிந்தாயிற்று. நானூறு பேருக்கு அழைப்பு போயிற்று.

ஐயரிடம் ஓடினார்கள். நேர்த்தியைத் தள்ளிப்போடலாம், சுபகாரியம் என்றால் சுவாமி கோபிக்க மாட்டார் என்றார் ஐயர். தேவராசா அண்ணை சம்மதிக்கவில்லை. முன்பு பிந்தியதற்குத்தான் பருவம் முழுக்கத் தண்டனை கிடைத்தது என்பது அவருடைய வாதம். இந்த முறையும் ஏமாற்றினால் அடுத்த வருடம் வல்க்றோன் கிளப்பையே மூடிவிடுவார்கள். மகளின் கல்யாணம் குழம்பினால் பேசித் தீர்க்கலாம். கீழே இறங்கினால் பேசித் தீர்க்க முடியாது. இதை அவர் மனைவிக்கு முன்னாலேயே சொன்னார். சிலருக்குப் பயம் என்பதே கிடையாது.

ஆட்டத்தன்று நடந்ததைத் துஷ்யாதான் எனக்குச் சொன்னாள். வெளியே மே மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. வரவேற்பறையில் பலகாரப் பெட்டிகளுக்கு நடுவே இடம் பிடித்து, மடியில் குஷனை அணைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். முதல் ஆட்டம் கோலின்றி முடிந்திருந்தது. இரண்டாவதில் எழுபதாம் நிமிடம் வல்க்றோன் ஒரு கோல் போட்டது. அப்பா கை தட்டவில்லை. கை தட்டுவதற்கு உயர்ந்த கை பாதி வழியில் தலைக்குப் போனது.

“அப்பா, சீரியஸா கேக்கிறன்,” என்றாள் துஷ்யா. “இப்ப உங்களுக்கு எது வேணும்? அவங்கள் தப்புறதோ, நான் நல்லபடியாக் கல்யாணம் கட்டுறதோ?”

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்:

“ரெண்டும் சமன் எண்டால் மேலதிக நேரம் குடுப்பினம் பிள்ளை.”

துஷ்யா சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

எண்பத்தொன்பதாம் நிமிடம் எதிரணிக்குப் பெனால்டி. அந்த ஒரு நிமிடம், லண்டனில் ஒரு வீட்டில் ஒரு பெனால்டிக்காக மூன்று பேர் மூன்று விதமாகக் கும்பிட்டார்கள். நகுலேஸ்வரி “முருகா” என்றார். எந்தப் பக்கத்துக்கு என்று முருகனுக்கே விளங்கியிருக்காது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. மஞ்சள் ஊதாக் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, செத்த புல்லை முத்தமிட்டது. வல்க்றோன் தப்பிவிட்டது. தேவராசா அண்ணை குஷனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் அழுதது சந்தோஷத்திலா, முடிக்காகவா என்று துஷ்யாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஆறு நாள் அந்த வீட்டில் ஒரு நாடகமே நடந்தது. நகுலேஸ்வரி கத்தரிக்கோல்களை எல்லாம் ஒளித்தார். ஆட்ட நாளோடு எண்ணினால் கெடுவின் கடைசி நாள், சனிக்கிழமை காலை, பால் வாங்க டூட்டிங் போன மனிதர் பாலும் மொட்டையுமாக வந்தார். முடி வெட்டுகிற துருக்கிக்காரர் பாவம், வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று விசாரித்துக் காசே வாங்கவில்லையாம். வெட்டிய முடியைப் பலசரக்குக் கடைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனார் தேவராசா அண்ணை. ஐயர் அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் வழி கண்டது துஷ்யாதான். மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் தலைப்பாகை வாடகைக்கு எடுத்த கடையில் மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். பிறகு குட்மேய்ஸுக்கு அழைத்து, செல்வமலரோடு அரை மணி நேரம் பேசினாள். தாலி ஏறி, அறுகரிசி போட்டு, படம் எடுத்து முடியும் வரைக்கும் தலைப்பாகை அசையக் கூடாது என்பது செல்வமலரின் நிபந்தனை. அதற்கு உடன்படாவிட்டால் பெண்வீட்டுச் சொந்தமான தோழனின் தகப்பன் தாரை வார்க்கட்டும், சொந்தத் தகப்பன் கதிரையில் குந்தட்டும். தேவராசா அண்ணை எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார்.

ஞாயிறு காலை மணவறையில் மூன்று தலைப்பாகைகள். மூன்றாவதுதான் மிகப் பெரிது. தங்க இழை, முன்னால் ஒரு சிவப்புக் கல். பின் வரிசையில் யாரோ இதில் எது மாப்பிள்ளை என்று கேட்டார்கள். வேறு யாரோ, வயதானவர் இரண்டாம் தாரமாகக் கட்டுகிறாரோ என்றார்கள். முடி உள்ள தலைக்குச் செய்த தலைப்பாகை. மழித்த தலையில் அது சோப்பில் வைத்ததுபோல நின்றது. தேவராசா அண்ணை குனியாமலே நடந்தார், குனியாமலே உட்கார்ந்தார். தாரை வார்க்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினார். தாலி ஏறியது. செல்வமலர் ஒரு பெருமூச்சு விட்டார்.

பிறகு அறுகரிசி: அறுகம்புல்லும் அரிசியும் எடுத்துப் பாதம், முழங்கால், தோள், தலை என்று வைத்து வாழ்த்துகிற சடங்கு. தகப்பன்தான் முதல். இரண்டு கையிலும் அரிசியை அள்ளிக்கொண்டு மகளுக்கு முன்னால் வந்தார். பாதத்தில் வைக்கக் குனிந்தபோது தலைப்பாகை புருவம் வரை இறங்கியது. முழங்காலில் வைத்தபோது கண்ணை மூடியது. முன்வரிசையிலிருந்து செல்வமலர் தாழ்ந்த குரலில், “அண்ணை, பிடியுங்கோ,” என்றார். பிடிப்பதென்றால் அரிசியைக் கொட்ட வேண்டும். தேவராசா அண்ணை பிடிக்கவில்லை. குனிந்த தலையோடு தோளுக்கு வந்தார். தலைப்பாகை சறுக்கி மகளின் மடியில் விழுந்தது. கமராக்காரரின் வெளிச்சம் நேராக அந்த மொட்டைத் தலையில் அடித்தது. மேளம் ஒரு கணம் தடுமாறியது.

அவர் அதை எடுக்கவில்லை. ஒரு மணியும் சிந்தாமல் கையிரண்டையும் உயர்த்தி, அரிசியை அவள் தலையில் வைத்தார்.